கொப்பி நிறைய எழுதினால் வாசிப்பு வருமா?

கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு முன்பள்ளிப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். புள்ளிகளின் மேல் பென்சிலை ஓட்டிய 'அ' ஒரு பக்கம், கரும்பலகையைப் பார்த்து எழுதிய 'ஆ' இன்னொரு பக்கம். பிறகு சிங்கள அயன்ன, அதன் பின் ஆங்கில ஏ. எழுத எழுதத்தான் வாசிப்பு வரும் என்று பெற்றோர் உறுதியாக நம்புகிறார்கள். அது வெறும் பழங்காலப் பழக்கம் என்று தள்ளிவிடுகிறவர்களும் இதே நகரில் இருக்கிறார்கள். இரு தரப்பும் பாதிதான் சரி.

பெற்றோரின் நம்பிக்கைக்கு வலுவான ஆதரவு சீனத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் பிள்ளை ஏறத்தாழ 2,500 எழுத்துகளை எழுதப் பழக வேண்டும். ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் இருப்பதால் காதை மட்டும் நம்ப முடியாது. 2004இல் 'நேச்சர்' இதழில் வந்த மூளைப்பட ஆய்வில், வாசிக்கத் தடுமாறும் சீனப் பிள்ளைகளுக்கு இடது மூளையின் முன்பக்கத்து நடு மடிப்பு குறைவாக இயங்கியது. ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுவோருக்கோ, எழுத்தை ஒலியோடு இணைக்கும் பின்பகுதியில்தான் குறை தெரிவது வழக்கம். மறு ஆண்டு லி ஹாய் டான் குழுவினர், பெய்ஜிங் பிள்ளைகளின் வாசிப்பு அவர்கள் கையால் எழுதும் திறனோடு நெருங்கிப் போவதைக் கண்டார்கள். ஒலிகளைப் பிரித்தறியும் திறனுக்கு அவ்வளவு நெருக்கம் இருக்கவில்லை. ஆனாலும் இது தொடர்புதான், காரணம் அல்ல. நன்றாக வாசிக்கிற பிள்ளை அதனாலேயே நன்றாக எழுதவும் கூடும்.

தமிழுக்கு இது எவ்வளவு பொருந்தும்? நம் 247 எழுத்துகள் சீன எழுத்துகளைப் போலத் தனித்தனி உருவங்கள் அல்ல. 12 உயிரும் 18 மெய்யும் சேர்கிற முறை பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் வசமாகும். அவற்றை ஒவ்வொன்றாகப் பக்கம் நிரப்ப வைப்பது வீண் களைப்பு. பிள்ளை உண்மையில் தடுமாறுவது வேறு இடத்தில்: 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. சிங்களக் கொம்புவவும் அப்படியே. வாயால் சொல்லிப் பிரித்துக் கூட்டினால்தான் இது விளங்கும். மௌனமாகப் பார்த்தெழுதினால் விளங்காது. அவசரமும் தேவையில்லை. இதே அமைப்புள்ள கன்னடத்தில் எழுத்துகள் முழுவதும் கைவர நாலாம் வகுப்பு வரை ஆகிறது என்று ஆய்வாளர் சொனாலி நாக் 2007இல் காட்டினார். ஐந்து வயதுப் பிள்ளையிடம் மூன்று மொழி எழுத்துகளையும் எதிர்பார்க்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் காது கைவிடும் இடங்கள் தமிழிலும் உண்டு. நம் பேச்சில் வாழையும் வாளையும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ந, ன இரண்டையும் செவி பிரிப்பதில்லை. எங்கே எது வரும் என்பதைக் கண்ணும் கையும்தான் நினைவில் வைக்க வேண்டும். சீனப் பாடம் நமக்கு உதவுவது இங்கேதான். எழுதிப் பழகுவதை முழுதாகக் கைவிடச் சொல்வோர் இதைக் காணத் தவறுகிறார்கள்.

எழுதும் விதத்தில்தான் எனக்குப் பெரிய குறை. அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ் இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. எழுத்தைத் தாங்களாகவே எழுதிப் பழகிய பிறகு, அதைப் பார்த்தபோது மூளையின் வாசிப்புப் பகுதிகள் விழித்தன. கோட்டின் மேல் வரைந்தோ தட்டச்சுச் செய்தோ பழகியபோது அப்படி நடக்கவில்லை. சில பிள்ளைகளைக் கொண்ட சிறிய ஆய்வுதான் அது. ஆங்கில எழுத்தைப் பற்றியது. என்றாலும் நம் முன்பள்ளிகளின் புள்ளிக் கொப்பிகள் மீது அது நேரடியான கேள்வியை எழுப்புகிறது. அழகாக வந்த பக்கத்துக்கு நட்சத்திரம் போடுகிறோம். பிள்ளை அந்த எழுத்தை நினைவிலிருந்து எடுத்ததா என்று பார்ப்பதில்லை.

முன்பள்ளி ரீச்சர்மாரிடமும் பெற்றோரிடமும் என் வேண்டுகோள் சிறியது. புள்ளிக் கொப்பியை முதல் சில நாட்களோடு நிறுத்துங்கள். எழுத்தைக் காட்டுங்கள், உரக்கச் சொல்ல விடுங்கள், பிறகு மறைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். கோணலாக வந்தாலும் மூன்று தரம் போதும்.