விமானமும் விடுதியும் ஒரே கையில்

சுற்றுலாத் தொழிலில் ‘நிறுவன இணைப்பு’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. பயணத்தை விற்கும் கடை, விமானம், விடுதி, கப்பல் என எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் வைத்துக்கொள்வது ஒன்று. போட்டிக்காரரோடு சேர்ந்து பெரிதாவது இன்னொன்று.

முதல் வகைக்கு உதாரணம் ஜெர்மனியின் டுயி. சுரங்கமும் உருக்காலையும் நடத்திவந்த பிராய்சாக் நிறுவனம் சுற்றுலாவில் இறங்கி, 2002இல் பெயரையும் டுயி என மாற்றிக்கொண்டது. சொந்த விமானங்கள், ரியூ விடுதிகளில் பங்கு, ராயல் கரீபியனோடு கூட்டாகக் கப்பல்கள் எல்லாம் அதற்கு உண்டு. காலி இருக்கையும் காலி அறையும் வாழைப்பழம் மாதிரி, நாளைக்கு விலைபோகாது. விற்கும் கடையும் தன்னுடையதே என்றால், எங்கே அறை காலியோ அங்கே ஆளைத் திருப்பிவிடலாம். இந்த லாபம் உண்மையானது.

பிரிட்டனின் தாமஸ் குக்கிடமும் விமானமும் கடைகளும் இருந்தன. ஆனால் அது பெரிதும் நம்பியது இரண்டாம் வகையை, 2007இல் போட்டி நிறுவனமான மைடிராவலோடு செய்த இணைப்பை. கிளைகள் பெருகின, கடனும் பெருகியது. மக்களோ இணையத்தில் முன்பதிவு செய்யப் போய்விட்டார்கள். அந்த இணைப்பில் ‘நற்பெயர்’ என்று கணக்கில் ஏற்றியிருந்த சொத்தில் சுமார் 110 கோடி பவுண்டை 2019 மே மாதம் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. செப்டம்பர் 23 அன்று, 178 ஆண்டு நிறுவனம் மூடப்பட்டது.

வெளிநாட்டில் தவித்த பிரிட்டன் பயணிகள் சுமார் ஒன்றரை லட்சம் பேரை அரசு அழைத்துவந்தது. முன்பணம் கட்டியவர்களுக்குப் பாதுகாப்பு நிதி இருந்தது. விடுதிக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. தங்கியவர்களுக்கான பணம் வாரங்கள், மாதங்கள் கழித்தே வரும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். கோடை சீசன் பாக்கி அப்படியே போயிற்று. தாமஸ் குக் மூடப்படுவதற்குச் சற்று முன்பு, துனிசியாவின் ஹம்மாமெத்தில் ஒரு விடுதி வாயிற்கதவைப் பூட்டிக்கொண்டு விருந்தினர்களிடமே பாக்கியைக் கேட்டது. செய்தது தவறு, ஆனால் வேறு யாரிடம் கேட்பது?

டுயியும் முழுப் பாதுகாப்பில் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது விமானம், விடுதி, கப்பல் மூன்றும் ஒருசேர முடங்கின. ஜெர்மன் அரசு பலநூறு கோடி யூரோ கொடுத்துத் தாங்கியது. சங்கிலி நீளமானால் அறுந்துபோகும்போது விழும் அடியும் பெரிது.

நம் ஊரில் தெரிந்த தாமஸ் குக் இந்தியா இதில் சிக்கவில்லை. 2012லேயே கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ் வாங்கிவிட்டதால், பெயர் மட்டும்தான் ஒன்று. முன்பே பிரிந்துபோனதே அதைக் காப்பாற்றியது.

ஆனால் மூடப்பட்ட தாமஸ் குக்கின் விமானங்கள் கோவாவுக்கும் வந்துகொண்டிருந்தன. கோவா, கோவளம் விடுதிக்காரர்களுக்குச் சொல்வது இதுதான்: எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் பாதி அறைகளுக்கு மேல் ஒருவருக்கே எழுதிக் கொடுக்காதீர்கள், கொடுக்கும் அறைகளுக்கும் முன்பணம் வாங்குங்கள்.