வீட்டைத் திரும்பிப் பார்க்கும் தேனீ

சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு பிற்பகலில் அங்கே போகலாம். பெட்டிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. அது தேனீக்கள் போய்வரும் வழி. பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும்.

வாசலை விட்டதும் நூல் பிடித்தாற்போல் பறந்து போகிறவை அனுபவசாலிகள். அவற்றை விட்டுவிடலாம். வெளியே வந்த வேகத்தில் திரும்பி, முகத்தைக் கூட்டின் பக்கம் வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடியபடி அந்தரத்தில் நிற்கும் சில தேனீக்கள் இருக்கும். ஆட்டத்தின் வளைவு மெல்லப் பெரிதாகும், உயரம் கூடும், பிறகு ஆள் காணாமல் போகும். சற்று நேரத்தில் காலில் மகரந்தம் ஏதுமின்றித் திரும்பி வரும். பார்ப்பவருக்கு இது விளையாட்டு. இளந்தேனீக்கோ இது முதல் பாடம்: வாசல், பக்கத்து மரம், தொலைவில் தெரியும் குன்று எல்லாவற்றையும் அது மனப்பாடம் செய்கிறது.

இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் இப்படிப் பறக்கும் தேனீயின் முதுகில் நுண்ணிய கருவி ஒட்டி ராடாரில் பின்தொடர்ந்தார்கள்; முடிவு 2000இல் வெளியானது. அடுத்தடுத்த பறப்புகளில் நேரம் நீளவில்லை. வேகம்தான் கூடியது, அதனால் சுற்றிப் பார்க்கும் பரப்பும் விரிந்தது.

இன்னும் சுவையான காட்சி புதர்க்கிளையில் தொங்கும் கொம்புத் தேனீயின் ஒற்றை அடை. அடையின் தட்டையான உச்சியில், திறந்த வெளியிலேயே, பூ இருக்கும் திசையை மற்றத் தேனீக்களுக்கு நேராகச் சுட்டி அது ஆடும். அந்த ஆட்டம் ஓடும் திசையில் பார்வையை நீட்டினால், எந்தப் பக்கத்துப் பூவைச் சொல்கிறது என்று நமக்கே பிடிபடும்!

திசை சொல்லும் இந்த ஆட்டம் பிறவிக்குணம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பாதிதான் சரி. மூத்தவர்களின் ஆட்டத்தைப் பார்க்காமலே வளர்ந்த இத்தாலியத் தேனீக்கள் தாறுமாறாக ஆடின என்கிறது 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. பழகப் பழகத் திசைப் பிழை குறைந்தது. தொலைவைச் சொல்வதில் செய்த பிழையோ கடைசிவரை திருந்தவில்லை.

திருப்பதியில் சேஷாசலப் பாறைகளில் தொங்கும் மலைத்தேனீயிடம் மட்டும் இந்த நெருக்கம் வேண்டாம். சீண்டினால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். பைனாகுலரோடு தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.