உரிமையும் கொடையும்: பட்டாசு மண்ணிலிருந்து மகளிர் முன்னேற்றம் பற்றி ஒரு மதிப்பீடு

அரபு மொழியில் 'ஹக்' என்னும் சொல்லுக்கு நிலைபெற்றது, உறுதியானது, கடமையாகிவிட்டது என்பன வேர்ப்பொருள்கள். தமிழில் அதனை 'உரிமை' என்கிறோம். 'ஹிபா' என்பது கொடை. ஃபிக்ஹு நூல்களில் இவ்விரண்டும் தனித்தனி இயல்கள். உரிமை உடையவர் அதனைக் கேட்டுப் பெறலாம். மறுக்கப்பட்டால் காழியிடம் வழக்குரைக்கலாம். கொடையோ கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்பது. பெறுபவர் கைக்கு அது வந்து சேரும்முன் கொடுப்பவர் மனம் மாறினால், வழக்கிட இடமில்லை. கொடை இழிவானதன்று. மார்க்கம் அதனைப் போற்றுகிறது. ஆனால் கொடையை உரிமை என்று பெயரிட்டு அழைப்பதாலேயே அது உரிமை ஆகிவிடாது. உரிமையாக இருந்த ஒன்று, கேட்பாரற்றுக் கொடையாகச் சுருங்கிவிடுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் மகளிர் முன்னேற்றம் குறித்து அரசுகள் சொல்லிவந்துள்ள செய்திகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு விருதுநகர் மாவட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது. இந்தியப் பட்டாசின் மிகப் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் உருவாகிறது. அத்தொழிலின் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது.

நிறைகள்

குறை கூறுமுன் நிறை கூறுவது நீதி. 1929 இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 இல், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு உண்டெனத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. நடுவண் அரசு அதே வழிக்கு வர 2005 ஆகிவிட்டது. இது ஐயத்திற்கு இடமின்றி 'ஹக்'. மகள் நீதிமன்றப் படியேறி அதனைப் பெற முடியும்.

2016 இல் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2021 இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட சிவகாசியில் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் ஒரு பெண்ணே. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2022 செப்டம்பரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கியது. கந்தக மண்ணின் சிற்றூர்களில் இதன் பயனை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டவரே. தாய் திரி வைத்த வீட்டிலிருந்து மகள் கல்லூரிக்குப் போவது சிறிய மாற்றமன்று.

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1000 ரூபாய் சேர்ந்தது. பெண்கள் வீட்டில் ஊதியமின்றிச் செய்யும் உழைப்புக்கு இது ஒப்புதல் என்று அரசு விளக்கம் தந்தது. இக்கருத்து நமக்குப் புதிதன்று. சமைத்தலும் துவைத்தலும் மனைவியின் சட்டக் கடமை அல்ல என்பது ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளின் நிலைபெற்ற கருத்து. அவள் அவற்றைச் செய்தால் அது அவளுடைய நன்மனம். அந்நன்மனத்தைக் கடனாக வசூலிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் 'உரிமைத் தொகை' என்ற பெயரில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. கணவன் தராமல் விட்ட நஃபகா அவன்மீது கடனாக ஏறிக்கொண்டே போகும் என்பது ஷாஃபிஈ சட்டம். காழியின் தீர்ப்போ இருவரின் உடன்பாடோ இல்லாவிடில் கடந்த காலத்து நஃபகா கடனாகாது என்பது ஹனஃபீ சட்டம். இரு தரப்பாரும் ஆராய்ந்தது ஒன்றையே: தவறிய தவணை கடனாகுமா, கரைந்துபோகுமா? அரசு தரும் தொகையையும் அப்படியே கேட்கலாம். ஆணையால் வருவது ஆணையால் நிற்கவும் கூடும். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் வேர்கொள்ளாதவரை அது நல்ல கொடை. உரிமை என்னும் பெயர் அதற்கு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை.

ஒத்த வேலை என்னும் நிபந்தனை

கொடை உரிமையின் பெயரைப் பெற்றது இப்படி. உரிமை கொடையாகச் சுருங்கியதைப் பட்டாசு ஆலையில் காணலாம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சமஊதியம் என்பது 1976 ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு அதனை உள்வாங்கிக்கொண்டது. இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு: வேலை ஒன்றாகவோ ஒத்த தன்மையுடையதாகவோ இருத்தல் வேண்டும். பட்டாசு ஆலையில் வேலை முன்னரே பிரிந்து கிடக்கிறது. மருந்து கலப்பதும் செலுத்துவதும் பெரும்பாலும் ஆண்கள் கையில். தாள் சுற்றுதல், திரி வைத்தல், சரம் பின்னுதல், ஒட்டுதல், பெட்டியில் அடைத்தல் ஆகியவை பெண்கள் கையில். முன்னது 'திறன் வேலை', பின்னது 'கைவேலை' எனப் பெயர் பெற்றுவிட்டன. விரல் நுனியின் விரைவும் நுட்பமும் திறன் எனக் கணக்கிடப்படவில்லை. ஒத்த வேலையே இல்லாத இடத்தில் சமஊதியச் சட்டத்தை எதனோடு ஒப்பிட்டு நிறைவேற்றுவது? சட்டம் மீறப்படவில்லை, சட்டம் உள்ளே நுழைவதற்கு வாயிலே வைக்கப்படவில்லை. முன்னேற்றத்தை அளப்பவர்கள் ஊதிய விகிதத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. வேலை எவ்வாறு பெயரிடப்பட்டுப் பிரிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

அஜீரின் இயல்

கூலியாளை ஃபிக்ஹு அறிஞர் இரு வகையாகப் பிரித்தனர். தன் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'. வேலையை மட்டும் ஒப்புக்கொண்டு பலருக்கும் செய்து தருபவர் 'அஜீர் முஷ்தரக்'. பின்னவருக்கு நூல்கள் தரும் எடுத்துக்காட்டுகள் தையற்காரரும் சாயமிடுபவரும். அவருக்குச் சொந்த இடம், சொந்தக் கருவி, சொந்த நேரம் உண்டு. ஆகவே வேலை முடிந்தால்தான் கூலி. வேலையில் நேரும் சேதத்துக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் மாணாக்கர் இருவரின் கருத்து.

எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறும் பட்டாசுப் பெண் இவர்களுள் யார்? கூலி முறையைப் பார்த்தால் முஷ்தரக். ஆனால் அவள் அமர்ந்திருப்பது முதலாளியின் அறை. கையிலிருப்பது முதலாளியின் மருந்தும் தாளும். காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் வண்டியும் ஆலை ஏற்பாடு செய்தது. நேரம் முழுவதும் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஆகவே உண்மையில் அவள் காஸ். கூலி கொடுக்கும்போது முஷ்தரக் என்றும் கட்டுப்படுத்தும்போது காஸ் என்றும் அவளைக் கொள்வது, இரு இயல்களிலிருந்தும் தனக்கு ஆதாயமானதை மட்டும் பொறுக்கிக்கொள்வதாகும். விரைந்தால்தான் கூலி என்னும் முறை, விரைவே உயிருக்குப் பகையான ஒரு தொழிலில் நிலவுகிறது. பின்னர் வெடித்தால் அறிக்கையில் 'உராய்வு' என்று ஒரு சொல் வரும், போர்மேன் கைதாவார். அந்த உராய்வுக்கு விரைவும், விரைவுக்குக் கூலிக் கணக்கும் காரணமாக இருப்பது அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

உள்குத்தகை இதனை மேலும் சிக்கலாக்குகிறது. உரிமம் ஒருவர் பெயரில். அறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் மற்றொருவர். வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வேறொருவர். பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போக இடமுண்டு. 1961 ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் உரியதாயிருந்தது. 2017 திருத்தத்தால் விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. ஆனால் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள்கள் வேலை செய்திருக்க வேண்டும். பெயரே ஏறாதவள் 80 நாள்களை எதைக் காட்டி மெய்ப்பிப்பாள்? அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கு 2021 முதல் 12 மாத ஊதிய விடுப்பு. அதே மாவட்டத்தில் திரி வைக்கும் பெண்ணுக்கு ஏட்டில் மட்டும் 26 வாரம். ஒரே அரசின் நிழலில் இரு பெண்கள். ஒருத்திக்கு ஹக், மற்றொருத்திக்குப் பெயரளவில் ஹக்.

தடையும் காப்பும்

2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 40 பேர் அளவில் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். பெண்களும் அவர்களுள் பலர். 2023 அக்டோபர் 17 அன்று, உரிமைத் தொகை தொடங்கி ஒரு மாதம் கடந்திருந்த வேளையில், ரெங்கபாளையம் வட்டாரத்தில் ஒரே நாளில் இரு விபத்துகளில் 14 உயிர்கள் போயின. மாண்டவருள் பெரும்பாலோர் பெண்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி எனப் பட்டியல் நீண்டது.

ஒவ்வொரு முறையும் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அச்சங்குளத்தில் மாநில அரசு 3 இலட்சமும் நடுவண் நிதியிலிருந்து 2 இலட்சமும் தந்தன. உயிருடன் உள்ளபோது பதிவேட்டில் இடம்பெறாத பெயர், இறந்தபின் நிதியுதவிப் பட்டியலில் பிழையின்றி இடம்பெறுகிறது. அரசுக்கு அவளை அறியும் வழி உண்டென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இடர்மிகு பணிகளில் பெண்களை அமர்த்துவதைத் தடைசெய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வேறு வழியை மேற்கொண்டது: பெண்கள் எல்லா வகை நிறுவனங்களிலும் எல்லா வகை வேலையிலும் அமரலாம், இடர் இருப்பின் போதிய பாதுகாப்பைச் செய்யுமாறு அரசு முதலாளியைப் பணிக்கலாம். சமத்துவ நோக்கில் இது முன்னேற்றமே. மருந்து ஆணையும் எரிக்கும், பெண்ணையும் எரிக்கும். பெண்ணை மட்டும் விலக்குவது காப்பாகாது. ஆனால் தடையை நீக்குவது ஒரு நாள் அறிவிப்பில் முடிந்துவிடும். பாதுகாப்பை நிறுவுவது அன்றாட ஆய்வால் மட்டுமே ஆகும். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கு விதிகள் பல்லாண்டுகளாக உள்ளன. அவை காக்கப்பட்டிருந்தால் மேற்கண்ட பட்டியல் இத்துணை நீண்டிராது. முதற்பகுதியை நிறைவேற்றி இரண்டாம் பகுதியை ஏட்டில் விட்டால், பெண் அடைவது இடரில் மட்டும் சமத்துவம். தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. நேர்ந்தபின் ஈடுசெய்வதோடு அவ்விதி நின்றுவிடுவதில்லை. நேரும்முன் தடுப்பதும் அதில் அடங்கும் என்பது அறிஞர் விளக்கம்.

பிள்ளைகளுக்கு இயன்றது

இயலாது என்று சொல்பவர்க்கு இம்மண்ணின் வரலாறே விடை. 1990 இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் சிவகாசிப் பிள்ளைகளின் நிலையை உலகுக்குக் காட்டியது. 1986 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்திருந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சட்டம், நீதிமன்றம், பள்ளி, சத்துணவு, ஆய்வு, ஊடகம் யாவும் ஒருசேர நின்றபோது பிள்ளைகள் பெருமளவில் ஆலையிலிருந்து வகுப்பறைக்கு வந்தனர். அரசு உறுதி கொண்டால் எதுவரை செல்ல முடியும் என்பதற்கு இது சான்று. பிள்ளை எழுந்த இடத்தில் தாய் இன்னும் அமர்ந்திருக்கிறாள். அவளுக்காக அத்தனை உறுப்புகளும் ஒருசேர அசைந்த ஒரு காலம் இன்னும் வரவில்லை. தமிழ்நாடு அரசு 2024 இல் வெளியிட்ட மாநில மகளிர் கொள்கையின் மதிப்பு, அது தாங்கியுள்ள நற்சொற்களில் இல்லை. சாத்தூர் வட்டத்து ஓர் அறைக்குள் அது நுழைகிறதா என்பதிலேயே உள்ளது.

நம் வீட்டுக் கணக்கு

அரசை உரைத்துப் பார்க்கும் உரைகல்லை நம் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது நேர்மையாகாது. பெண்ணுக்கு அவள் ஈட்டியதில் பங்கு உண்டென்பதை அந்நிஸா அத்தியாயம் ஐயமற அறிவித்துள்ளது. அவளுடைய வாரிசுப் பங்கையும் அதே அத்தியாயம் அளந்து விதித்துள்ளது. மஹ்ர் அவளுக்குரிய ஹக். ஆனால் நம் ஊர்களில் மஹ்ர் சிறுதொகையாகக் குறுகிக் கைக்கூலி பெருந்தொகையாக வளர்ந்தது. தங்கை தன் பங்கை 'விட்டுக்கொடுத்தாள்' என்னும் சொல்லால் எத்தனை சொத்துகள் அண்ணன்மார் கையில் தங்கின? இறைவன் விதித்த ஹக்கை நாமே ஹிபாவாக மாற்றி, அதையும் கொடாமல் வைத்திருக்கிறோம். இதனை ஜும்ஆ மேடைகளில் பேசாத நாவுக்கு அரசைக் குறை கூறும் வலிமை குறைவு.

செய்யத்தக்கவை

கேட்பவை பெரியன அல்ல. ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவேட்டில் ஏறி, அதன் படி அவள் கையில் இருத்தல் வேண்டும். எண்ணிக்கைக் கூலிக்கு அடியில் நாட்கூலி என்னும் தளம் உறுதிப்பட வேண்டும். துண்டு வேலைக்கு உத்தரவாத நேர ஊதியம் என்னும் கருத்தை 1948 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே ஏற்றிருந்தது. உள்குத்தகை நடந்த இடத்தில் உரிமம் பெற்றவரே முதற்பொறுப்பாளி ஆக வேண்டும். பெண்கள் செய்யும் வேலைகளின் திறன் மதிப்பு புதிதாக ஆராயப்பட வேண்டும். வெடிபொருள் உரிமம் நாக்பூரிலும் தொழிற்சாலை ஆய்வு மாநிலத் துறையிலும் பிரிந்து கிடக்கும் நிலையில், இவையனைத்தையும் ஒருங்கே பார்க்கும் ஒரு மாவட்ட அமைப்பில் தொழிலாளப் பெண்கள் வாக்குரிமையுடன் அமர வேண்டும்.

மாதம் 1000 ரூபாயை எவரும் வெறுக்க வேண்டியதில்லை. அது பல அடுப்புகளை எரியச் செய்தது. ஆயினும் அதனைப் பெறும் கை மாலையில் முழுமையாக வீடு திரும்புவதே அப்பெண்ணின் முதல் ஹக். அரசு தரும் கணக்கும் நாம் கேட்கும் கணக்கும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.