வேதநாயக சாஸ்திரியார்: இசையுரிமையும் சாதியுரிமையும்

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் பற்றிப் பேசுவோர் வீரமாமுனிவரின் தேம்பாவணியில் தொடங்கி, கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தில் வந்து நிற்பது வழக்கம். இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) "கீர்த்தனை பாடியவர்" என்ற ஒற்றைத் தொடருடன் கடந்து செல்லப்படுகின்றார். காப்பியத்துக்கு உயர்ந்த ஆசனமும் இசைப்பாட்டுக்குத் திண்ணையும் அளிக்கும் நமது இலக்கிய வரலாற்றாசிரியர்களின் பழைய பழக்கமே இதற்குக் காரணமாகும். மறுபுறத்தில், திருச்சபை சார்ந்து எழுதுவோர் அவரை விசுவாசத்தில் தளராத ஒரு பக்தராக மாத்திரம் வரைந்து காட்டுவர். அவர் தளராதவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதன்பொருட்டுத் தளராது நின்றார் என்ற வினா அவ்வரலாறுகளில் முழுமையாக எழுப்பப்படுவதில்லை.

திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயகம் சிறுவனாக இருக்கையிலேயே ஜேர்மன் பாதிரியாராகிய சுவார்ட்ஸினால் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அதே சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்த மற்றொருவர் பின்னாளில் மன்னராகிய இரண்டாம் சரபோஜி. 1798 இல் அரியணை ஏறிய சரபோஜி அடுத்த ஆண்டிலேயே ஆட்சியுரிமையைக் கும்பனியாரிடம் ஒப்படைத்து, கோட்டைக்குள் மட்டும் அரசராக எஞ்சினார். ஆளும் வேலை இல்லாத அரசவையில் இசைக்கும் நாட்டியத்துக்கும் ஏட்டுச்சுவடிக்கும் இடம் பெருகியது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் காவிரிக் கரையில் வாழ்ந்த காலமும் அதுவே. வேதநாயகர் மிஷன் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே இச்சூழலின் இசையை உட்கொண்டார். ஆகவே அவரை மிஷனின் படைப்பு என்று மட்டும் கூறுவது பொருந்தாது. அவர் தஞ்சாவூரின் படைப்புமாவார்.

அவரது பெத்லகேம் குறவஞ்சி இதற்குத் தக்க சான்று. குறவஞ்சி என்பது அக்காலத்தில் கோயில் முன்றிலிலும் அரசவையிலும் ஆடப்பட்ட வடிவம். தலைவன் உலா வருதல், தலைவி காமுறுதல், குறத்தி குறி சொல்லுதல், சிங்கன் பறவை பிடித்தல் என்னும் அமைப்பைச் சிறிதும் சிதைக்காமல், பெத்லகேமின் நாதனைத் தலைவனாகவும் திருச்சபையைத் தேவமோகினி என்னும் தலைவியாகவும் சாஸ்திரியார் ஆக்கிக்கொண்டார். சிங்கனின் வலை சுவிசேஷமாகவும் அதில் அகப்படும் பறவைகள் ஆன்மாக்களாகவும் மாறுகின்றன. இது வெறும் வேடமாற்றம் என்று ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வழக்கமான குறவஞ்சியில் குறத்தி தான் கண்ட மலையையும் நாட்டையும் பாடுவாள். இந்நூலிலோ அவ்வறிவுப் பரப்பு உலகப் புவியியலாகவும், சூரியனை நடுவாகக் கொண்ட கொப்பர்னிக்கஸின் வானியலாகவும் விரிகின்றது. மிஷன் பள்ளியின் பாடப்புத்தகம் நாடோடிப் பாட்டின் மெட்டில் ஏறியது தமிழில் அரிதான நிகழ்ச்சி. வீரமாமுனிவர் புலவரைக் கவரக் காப்பியம் செய்தார். சாஸ்திரியாரோ கும்மி, ஏற்றப்பாட்டு, நாடகம் எனக் கேட்போர் ஏற்கெனவே அறிந்த வடிவங்களையே நாடினார்.

சரபோஜி தம் தெய்வத்தின்மீது பாடும்படி கேட்டதாகவும் சாஸ்திரியார் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. கதையின் உண்மை எவ்வாறாயினும், மறுத்த பின்னரும் அரசரின் ஆதரவு தொடர்ந்தது என்பதே அதிற் சுவையான பகுதி. அரண்மனை அவரிடம் மதத்தைக் கேட்டுப் பெறவில்லை, பாட்டை ஏற்றுக்கொண்டது. அவரது சோதனை அரண்மனையிலிருந்து வரவில்லை, ஆலயத்திலிருந்தே வந்தது.

சுவார்ட்ஸ் 1798 இல் மறைந்தார். அடுத்த தலைமுறையில் வந்த மிஷனரிமார் பழைய ஜேர்மன் பாதிரிமாரைப்போல உள்ளூர் வழக்கத்துக்கு இணங்கிப் போகிறவர்கள் அல்லர். 1820களில் தஞ்சைச் சபையில் மூண்ட பூசலில் சாஸ்திரியார் அவர்கள்மீது நான்கு குற்றங்களைச் சுமத்தினார். பப்ரீசியுஸ் செய்த பழைய வேதாகம மொழிபெயர்ப்பை ரேனியுஸ் மாற்றியமைத்தது ஒன்று. திருநாளிலும் திருமணத்திலும் பூக்களை விலக்கியது ஒன்று. வழிபாட்டிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை அகற்றியது ஒன்று. சாதிகளை ஒன்றாக இருத்த வற்புறுத்தியது ஒன்று.

இவற்றுள் கீர்த்தனை பற்றிய வழக்கு விரிவாக நோக்கத்தக்கது. மிஷனரிமார் ஆலயத்தில் விரும்பியவை ஜேர்மன், ஆங்கிலப் பாமாலைகளின் மொழிபெயர்ப்புகள். இவ்வகை ஐரோப்பியப் பாமாலை பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்ற கணக்கில் நடப்பது. அங்கே அழுத்தம் உண்டு. குறில் நெடில் என்ற அளவுக்கு இடமில்லை. தமிழ்ச் சொல்லை அம்மெட்டில் இருத்தும்போது குறில் நீள்கின்றது, நெடில் குறுகுகின்றது, எதுகை தாளத்தின் எடுப்பில் விழாது இடையில் எங்கேயோ விழுகின்றது. பாடுவோன் பொருளை அறிந்து பாடுவதற்கு முன் சொல்லையே அடையாளம் காணவேண்டியவனாகின்றான். கீர்த்தனையிலோ பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால் எழுத்தறியாத ஒருவரும் இரண்டாம் முறையிலேயே உடன்பாடக் கூடும். சரணம் கதையை நகர்த்தும். தாளம் சொல்லின் அளவோடு ஒத்து நிற்கும். ஆகவே இப்பூசல் "நம்மவர் இசை, அந்நியர் இசை" என்ற பெருமைச் சண்டை மட்டுமன்று. சபையில் யார் வாய் திறந்து பாட முடியும் என்பது பற்றியது. இவ்வகையில் சாஸ்திரியாரின் பக்கத்திலேயே நியாயம் இருந்தது எனத் துணிந்து கூறலாம். மிஷனுடன் முரண்பட்டு 1829 அளவில் வேலையை இழந்தும், 1832 இல் சரபோஜி மறைந்தபின் அரண்மனையின் ஆதரவு குன்றியும், அவர் பாடுவதை நிறுத்தவில்லை. சபையும் மன்னரும் கொடுத்த சம்பளம் இன்றித் தம் பாட்டையே நம்பி வாழ்ந்த கலைஞர் என்ற பெயர் அவருக்குப் பொருந்தும்.

ஆனால் நான்காவது குற்றச்சாட்டை என்ன செய்வது? தஞ்சை ஆலயத்தில் வேளாளக் கிறிஸ்தவரும் தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவரும் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்தனர். இராப்போசனத்தின்போது வேளாளர் முதலில் பெற்றனர். மற்றவர் பின்னர் பெற்றனர். சுவார்ட்ஸ் இதைப் பொறுத்துக்கொண்டார். புதியவர்கள் பொறுக்கவில்லை. சாதி சமயத்துக்குரியதன்று, உலகியல் ஒழுங்கு மட்டுமே எனவும், மேனாட்டாரிடையேயும் உயர்வு தாழ்வு உண்டு எனவும் வேளாளர் தரப்பு வாதிட்டது. வேளாளரான சாஸ்திரியார் அத்தரப்பின் எழுத்தாளராகவே நின்று, சாதியைத் திருத்த முயல்வது பேதைமை எனப் பிரசுரம் எழுதினார். 1833 இல் கல்கத்தாப் பிஷப் டானியேல் வில்சன் சாதி வேற்றுமை சபையிலிருந்து உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் எனச் சுற்றுநிருபம் விடுத்தபோது, தஞ்சையில் ஏராளமானோர் சபையை விட்டு விலகினர். சாஸ்திரியாரும் விலகி நின்றார்.

இதனை மறைத்து எழுதுவது ஒரு மரபு. இதனை மட்டும் கூறி அவரைத் தள்ளிவிடுவது மற்றொரு மரபு. இரண்டும் எளிய வழிகள். அவரைப் பொறுத்தவரை நான்கு குற்றச்சாட்டுகளும் நான்கல்ல, ஒன்றே. பூவும், பாட்டும், பழைய வேதமும், பந்தி வரிசையும் சேர்ந்ததே அவர் "தமிழ் ஒழுக்கம்" எனக் கண்ட முழுமை. மிஷனரிமாரும் அதனை அவ்வாறே முழுமையாகக் கண்டனர். ஆகவே சாதியை ஒழிக்கப் புகுந்தவர்கள் கீர்த்தனையையும் உடன் துரத்தினர். சாதியில்லாத தமிழிசை ஒன்று இருக்கக் கூடும் என்ற எண்ணம் எதிரெதிர் நின்ற இரு தரப்புக்கும் தோன்றவில்லை. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்த பண்பாட்டுக் குரல் உள்ளூர் ஆதிக்கத்தின் குரலாகவும் ஒலித்தமை இவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. யாழ்ப்பாணத்துச் சைவ மறுமலர்ச்சியைக் கற்போருக்கு இது புதிய செய்தியாக இராது.

ஆனால் ஆசிரியர் ஒன்றெனக் கட்டியதைப் பாட்டுகள் தாமே அவிழ்த்துக்கொண்டன. கீர்த்தனை என்ற வடிவத்தில் பந்தி வரிசைக்கு இடமில்லை. பல்லவியை எடுப்பவன் ஒருவன்; திருப்பிப் பாடுவோர் அனைவரும். அந்தத் திருப்பிப் பாடும் குரல்களைச் சாதிவாரியாகப் பிரித்து வைக்க எந்தத் தாளத்தாலும் இயலாது. சாஸ்திரியார் இதை அறிந்திருந்தால் அவரது பிரசுரங்கள் வேறுவிதமாக அமைந்திருக்கும்; அறியாமலே வடிவத்தைத் தேர்ந்தார் என்பதே நமக்குக் கிடைத்த நற்பேறு.

அவர் முதுமையடைந்திருந்த காலத்தில், மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் அவரது கீர்த்தனைகளைக் கேட்டுக் கற்று, 1853 இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அம்மதுரை மிஷன் 1834 இல் யாழ்ப்பாண அமெரிக்க மிஷனிலிருந்து கிளைத்தது என்பது ஈழத்தவர் நினைவிற்கொள்ளத்தக்கது. சாதி விடயத்தில் அமெரிக்கர் தஞ்சை வேளாளருக்கு இணங்கியவர்கள் அல்லர். எனினும் பாட்டைப் பிரசுரத்திலிருந்து பிரித்தெடுத்து ஏற்றுக்கொள்ள அவர்களால் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆலயக் கதவு மறுக்கப்பட்ட கீர்த்தனை, அச்சேறிய பாட்டுப் புத்தகமாக அதே கதவால் உள்ளே வந்தது. அப்பொழுது சாஸ்திரியாருக்கு வயது எழுபத்தொன்பது. புத்தகத்தைக் கையிலெடுத்தவர்களில் வேளாளர் மட்டும் இருக்கவில்லை.