கோடு போட்டா போதுமா? ஜிஎஸ்டி சாலையும் ஜீப்ரா கிராசிங்கும்

புறநகர்ச் சாலையில் யாராவது அடிபட்டால், பெரும்பாலும் முதலில் வருவது வெள்ளை பெயிண்ட். ஜீப்ரா கோடு போடுவார்கள், பக்கத்திலேயே 'பாதசாரிகள் கவனமாகக் கடக்கவும்' என்று ஒரு பலகை. ஏதோ செஞ்சாங்களே என்று நாமும் திருப்திப்பட்டுக்கொள்வோம். ஆனால் அகலமான சாலையில் வெறும் கோடு அரைகுறைத் தீர்வுகூட இல்லை, சில இடங்களில் ஆபத்தைக் கூட்டவும் செய்யும் என்பதுதான் என் வாதம்.

இதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் 30 நகரங்களில் கோடு போட்ட 1,000 இடங்களையும், அவற்றைப் போலவே இருந்த, கோடில்லாத 1,000 இடங்களையும் ஒப்பிட்டார்கள். 2005இல் அந்நாட்டு நெடுஞ்சாலை நிர்வாகம் இறுதி அறிக்கையை வெளியிட்டது. ரெண்டு லேன் சாலைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பல லேன் இருந்து, உயர்ந்த மீடியன் இல்லாமல், தினமும் 12,000 வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலைகளில், வேறெந்த ஏற்பாடும் இல்லாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில்தான் விபத்து விகிதம் அதிகம்.

ஏன் அப்படி? முதல் லேனில் ஒரு பஸ் மரியாதையாக நிற்கிறது. நீங்கள் நம்பி நடக்கிறீர்கள். அந்த பஸ்ஸே உங்களை மறைத்துவிடுவதால், அடுத்த லேனில் வரும் பைக்காரருக்கு நீங்கள் தெரிவதில்லை. பல லேன் சாலைகளில் திரும்பத் திரும்ப நடப்பது இந்த விபத்துதான்.

இப்போ தாம்பரத்துக்கு வருவோம். 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் உருவான மாநகராட்சி. அதை ஜிஎஸ்டி சாலை நீளவாக்கில் வெட்டிப் போகிறது. ஒரு பக்கத்துக்கு நாலு லேன், லேனுக்கு 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 14 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் கடக்க 12 வினாடி ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் சுமார் 160 மீட்டர் ஓடிவிடும். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 240 மீட்டர் இடைவெளி வேணும். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்படி ஒரு இடைவெளி எங்கே கிடைக்கும்? 'கவனமாக' இருந்தால் மட்டும் வந்துவிடுமா?

பலகை விஷயத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, கடவையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, கடப்பவருக்கு நின்று வழிவிட வேண்டியது ஓட்டுநரின் கடமை. நம் பலகை பேசுவதோ நடப்பவரிடம். சட்டம் ஒருத்தர் மேல் வைத்த பொறுப்பைப் பலகை இன்னொருத்தர் தலையில் கட்டுகிறது.

ஜீப்ரா கோடு சட்டபூர்வமாகப் பிறந்த இங்கிலாந்தில் அது தனியாக வரவில்லை. 1934 முதலே கடவைகளில் கறுப்பு வெள்ளைக் கம்பமும் அதன் உச்சியில் மஞ்சள் உருண்டையும் இருந்தன. பிறகு 1951இல், லண்டனுக்குப் பக்கத்து ஊரான ஸ்லவ்வில் முதல் ஜீப்ரா கிராசிங் வந்தபோது கோடு, கம்பம், வழிவிடச் சொல்லும் சட்டம் மூன்றும் சேர்ந்தே இருந்தன. நாம் எடுத்துக்கொண்டது பெயிண்டை மட்டும்தான்.

"அப்போ நடை மேம்பாலம் கட்டிடலாமே" என்பார்கள். லாரி போக 5.5 மீட்டர் உயரம் விட்டு, பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறக் கிட்டத்தட்ட 40 படி, இறங்க 40 படி. காய்கறிப் பையோடு முட்டிவலிக்காரர் ஏறுவாரா? கீழேயே ஓடிக் கடப்பார். அப்புறம் அவரையே குறை சொல்வோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டியும் தரைமட்டக் கடவைக்குத்தான் முன்னுரிமை தருகிறது.

செய்ய வேண்டியது புதுசு ஒன்றுமில்லை. கோட்டுக்குச் சில மீட்டர் முன்னாலேயே நிறுத்தக் கோடு, நடுவில் நின்று மூச்சுவிட அகலமான திட்டு, கடப்பவர் முகம் தெரிகிற விளக்கு, ஓட்டுநரைப் பார்த்து 'நின்று வழிவிடு' என்கிற பலகை. வண்டிகள் வேகமாக வரும் இடத்தில் கட்டாயம் சிக்னல், அதிலும் பாட்டியின் நடைக்கு நேரம் வைத்து. சாலை ஒரு துறையிடம், சிக்னல் காவல்துறையிடம், தெருவிளக்கு மாநகராட்சியிடம் என்று பிரிந்து கிடப்பதால்தான் மலிவான பெயிண்டோடு வேலை முடிந்துபோகிறது. அடுத்த முறை உங்கள் வார்டில் கோடு போட வந்தால், மிச்சமெல்லாம் எப்போ வரும், யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.