மீதியே வைக்காத மகராசன்!

3608528850368400786036725. முதலில் இதை ஒரு தாளில் பெரிசாக எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் பேசலாம். எழுதியாச்சா? மொத்தம் 25 இலக்கம். பார்த்தால் ஏதோ பழைய ரசீது நம்பர் மாதிரிதான் இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்!

இடப்பக்கத்திலிருந்து வாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 36, இரண்டால் வகுபடும். மூன்று எடுத்தால் 360, மூன்றால் வகுபடும். 3608 நாலால், 36085 ஐந்தால், 360852 ஆறால். இதென்ன பிரமாதம் என்கிறீர்களா? இருங்கள், ஏழு வருகிறது, எல்லோரையும் சறுக்க வைக்கும் அந்தப் பொல்லாத ஏழு! 3608528-ஐ வகுத்துப் பாருங்கள்: 515504, மீதி சைபர்!

எனக்கு அங்கேயே கிறுக்குப் பிடித்துவிட்டது. பதினொன்றுக்கு வந்தேன், 36085288503-இல் ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினால் இந்தப் பக்கம் 24, அந்தப் பக்கமும் 24, ஆகவே பதினொன்றாலும் வகுபடும், அடடா, என்ன பொருத்தம்! பதின்மூன்றுக்கு 277579142336 என்று சுத்தமாக வந்து நின்றது. அதற்கப்புறம் என் கால்குலேட்டர் இடமில்லை என்று கைவிரித்துவிட, பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன், விரலெல்லாம் கரி, தாளெல்லாம் வகுத்தல் கோடு, ஃபேன் காற்றில் பறக்கிற தாளை முழங்காலால் அழுத்திக்கொண்டு 17, 19 என்று ஒவ்வொன்றாக இறங்க இறங்க நெஞ்சு படபடக்கிறது, நினைத்துப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் மீதி வரப்போகிறது வரப்போகிறது என்று பயந்துகொண்டே போய், 23-ஆவது படியிலும் சைபர் விழுந்தபோது நடுராத்திரி என்பதையும் மறந்து "வந்துடுச்சு!" என்று கத்தினேன், பக்கத்து அறையிலிருந்து "யாருங்க வந்தது?" என்று பதறிக் கேட்ட மனைவிக்கு என்னத்தைச் சொல்ல! 24-உம் சரி, 25-உம் சரி. முழு எண்ணும் 25-ஆல் வகுபடுகிறது.

இதைவிட அதிசயம், இந்த ஜாதியில் இதுதான் கடைசி. பத்து வரைக்கும் அடுத்த இலக்கம் எப்படியும் கிடைத்துவிடும். பதினொன்றிலிருந்து, கையில் இருப்பதோ பத்தே இலக்கம், வரக்கூடிய மீதிகளோ அதற்கு மேல், ஆகவே பல எண்கள் வழியிலேயே நின்றுபோகும். பத்து இலக்கத்தில் இப்படி 2492 எண்கள் உண்டு. இருபதில் 44, இருபத்துநாலில் 3, இருபத்தைந்தில் நம்மாள் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் 0 முதல் 9 வரை எதை ஒட்டினாலும் 26-ஆல் வகுபடாது.

பத்தை அடியாகக் கொண்டு எழுதினால்தான் இந்த வித்தை பலிக்கும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும், நமக்கு விரலும் பத்துதானே!

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே முறை வர, இதே குணமுள்ள ஒன்பது இலக்க எண் ஒன்றே ஒன்று இருக்கிறது. விடை சொல்ல மாட்டேன். நடுவில் 5 வரும், அங்கிருந்து தொடங்குங்கள்.