ஒளிரும் அணிகலன்: கைவினையும் இலத்திரனியலும்

அணிகலன்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அணிந்தோரின் செல்வநிலையையும் சடங்குகளையும் அழகுணர்ச்சியையுமே கருத்திற் கொண்டு வந்துள்ளன. செய்தோரின் உழைப்பும், அவ்வுழைப்பை நெறிப்படுத்தும் பொருள்களின் இயல்பும் போதிய கவனத்தைப் பெறவில்லை. உலோக வேலைப்பாட்டுடன் மின்னொளியை இணைத்துக் கையாற் செய்யப்படும் அணிகலன்களை மதிப்பிடப் புகும்போது இக்குறை நன்கு புலப்படுகின்றது. ஒருசாரார் இவற்றைப் புதுமை என்ற அளவிலேயே போற்றுகின்றனர். மறுசாரார் மேட்டுக்குடியினரின் பகட்டு என ஒதுக்குகின்றனர். இவ்விரு நோக்குகளும் நிறைவானவை அல்ல என்பதே எமது கருத்து.

இம்முயற்சியின் தோற்றுவாயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிற் காணலாம். பாரிசில் 1867ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட மண்டையோட்டு வடிவக் குத்தூசியொன்று இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்தில் உள்ளது. பொன், எனாமல், வைரம் ஆகியவற்றாலான அதனை ஆடையினுள் மறைத்த மின்கலத்துடன் இணைத்தால் கண்கள் உருளும், தாடை அசையும். அதன் மின்பொறியை அமைத்த குஸ்தாவ் துரூவே பின்னர் ஒளிரும் அணிகளையும் ஆக்கினார். 1882இல் இலண்டன் சவோய் அரங்கில் மேடையேறிய ‘அயொலாந்தி’ இசைநாடகத்தில் தேவதைகளாகத் தோன்றிய நடிகையர் தலையிற் சிறு மின்விளக்குகளை அணிந்தனர். மின்கலத்தின் சுமையையும் அவர்களே தாங்கினர். ஒளி எங்கிருந்து வருகின்றது என்பது பார்வையாளருக்குத் தெரியாதிருப்பதே இங்கு வியப்பின் அடிப்படையாகும். விளைபொருளைக் காட்டி, அதனைத் தோற்றுவித்த வழியை மறைப்பது பண்ட உற்பத்திச் சமுதாயத்தின் பொதுப்பண்பு என்பதை நாம் அறிவோம்.

1962இல் நிக் ஹொலொனியாக் கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் ஒளிகாலும் இருவாயியை உருவாக்கியமை நிலைமையை மாற்றியது. சிறிய மின்கலம் ஒன்றே அதற்குப் போதுமாயிற்று. இன்று அது மிக மலிவான உதிரிப்பொருள். மணிக்கல்லின் விலை அதன் அருமையினாலும் அமைவது. ஒளிகாலும் இருவாயிக்கோ அத்தகைய அருமை இல்லை. எனவே, அதனைப் பதித்த வெள்ளிப் பதக்கத்தின் பெறுமதி, உலோகத்தின் விலை நீங்கலாக, பெரும்பாலும் செய்தவரின் உழைப்பிலேயே தங்கியுள்ளது. இவ்வகை ஆக்கங்களின் முற்போக்கான சாத்தியப்பாடு இதுவே.

இவ்வுழைப்பு எளிதானதன்று. வெள்ளியைப் பற்றாசு கொண்டு இணைக்க 600 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இருவாயி அதனைத் தாங்காது. ஆதலின் நெருப்பு வேலை யாவும் முடிந்த பின்னரே ஒளியைப் பொருத்தல் வேண்டும். கௌவிகளும் தறையாணிகளும் முதன்மை பெறுகின்றன. உலோகங்களுள் வெள்ளியே மிகச் சிறந்த மின்கடத்தி. அணியின் உடலே மின்கம்பியாகவும் தொழிற்படக்கூடும். ஆயின் நேர், எதிர் முனைகள் ஒன்றையொன்று தீண்டாதவாறு எனாமலோ பிசினோ காவலியாக இடையில் அமைதல் வேண்டும். சிவப்பு இருவாயிக்கு ஏறத்தாழ 2 உவோற்றும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஏறத்தாழ 3 உவோற்றும் தேவை. 3 உவோற்று நாணயக் கலங்களுட் பெருவழக்கான ஒன்று 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. பதக்கத்துக்கு அது இசையும். மோதிரத்துக்கு மிகப் பெரிது. இத்தடைகளிலிருந்தே வடிவம் பிறத்தல் வேண்டும். கழுத்தணியின் கொளுக்கியையே ஆளியாக்கி, பூட்டியதும் ஒளிரச் செய்யும் அமைப்பு இதற்கு நல்ல சான்று. பழைய கைத்திறன் அங்கு புதிய தொழிற்பாட்டைப் பெறுகின்றது.

இதற்கு மாறாக, மின்கலத்தைப் பிசினுள் நிரந்தரமாகப் புதைத்துவிடும் ஆக்கங்களை நாம் ஏற்பதற்கில்லை. வெள்ளி பல தலைமுறை வாழும். உருக்கினும் மீளப் பயன்படும். மின்கலம் குறுகிய ஆயுள் உடையது. இவ்விரு ஆயுளையும் பிரிக்கவியலாது பிணைக்கும்போது, ஒளியுடன் கைவினைஞரின் உழைப்பும் கழிவாகின்றது. திறந்து, மாற்றி, திருத்தக்கூடிய அணியே அவ்வுழைப்பை மதிப்பதாகும்.

பயன்பாடு பற்றிய வினாவும் உண்டு. அமெரிக்க உலோகக் கலைஞரான மேரி ஆன் ஷேர் (1921–2016) நாடித்துடிப்பை அறியும் கைவளை போன்ற இலத்திரனியல் அணிகளை 1970களில் ஆக்கினார். அணிவோரைப் பிறர் நோக்குவதற்கான பொருள், அணிவோர் தம் உடல்நிலையை அறிவதற்கான கருவியாயிற்று. எல்லா அணிகளும் மருத்துவக் கருவிகளாதல் வேண்டும் என்பது எமது வாதமன்று. ஆயினும் ஒளி எதற்காக, யாருக்காக என்ற வினாவை ஆக்குவோர் எதிர்கொண்டமைக்கு அவை சான்றாகும்.

ஆகவே, ஒளிரும் அணியொன்றை மதிப்பிடுவோர் ஒளியை அணைத்துவிட்டும் அதனை நோக்குதல் வேண்டும். அந்நிலையிலும் வேலைப்பாடு தன்னளவில் நிற்குமாயின், இலத்திரனியல் கைவினையை வளர்த்துள்ளது எனலாம். நில்லாதாயின், கைவினைஞர் தொழிற்சாலைப் பொருளுக்குச் சட்டம் செய்பவராகச் சுருங்கிவிட்டார் என்றே கொள்ளல் வேண்டும்.